வவ்வாலக்கா போட்ட அம்பு

மரக்கடைத் தெருவில் யாரைக் கேட்டாலும் வவ்வாலக்காவைக் காட்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் அந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அவளே மரக்கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, குசுகுசுவென்று சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, என்ன முணுமுணுப்பு, வவ்வாலக்கா வந்தாச்சு என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துப் போடுங்கள் என்றாள். அன்றிலிருந்து முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் அந்தப் பெயர் தனக்கு வந்தது அநியாயம் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

கொஞ்சம் பெரிய வீடுகளில் சுவரும் கூரையும் சேரும் மூலையில் நாலு பக்கமும் ஒரு மரச்சட்டம் ஓடும், பார்த்திருப்பீர்கள். குமிழும் குழியும் அலையுமாக, யாரோ உட்கார்ந்து மாதக்கணக்கில் செதுக்கினது மாதிரி இருக்கும். செதுக்குவதாவது ஒன்றாவது! எல்லாம் மரத்தைக் குடைந்து வடிவம் எடுக்கிற ரவுட்டர் மெஷினில் ஓட்டுவது. பட்டறையில் அதற்கு மோல்டிங் என்று பெயர். அந்த ஊரில் நல்ல மோல்டிங் வேண்டுமென்றால் அக்காவிடம்தான் வரவேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். சொல்வதில் தப்பும் இல்லை.

அவள் பட்டறைக்கு வந்தது உப்புத்தாள் தேய்க்க. நாள் முழுக்கத் தேய்த்தால் சாயங்காலம் விரல் ரேகையே இருக்காது. அப்போதுதான் முதலாளி அந்த ரவுட்டரை வாங்கிப் போட்டார். அதை ஓட்ட வந்த ஆள் பலகையைத் தப்பான பக்கத்திலிருந்து தள்ளினான். மெஷினில் சுற்றி மரத்தை வெட்டுகிற அலகுக்குப் பிட்டு என்று பெயர், அது சுற்றுகிற திசையிலேயே தள்ளினால் மெஷின் சும்மா விடுமா? பலகையைப் பிடுங்கி வீசியது. அது எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை உடைத்துக்கொண்டு விழுந்தது. அந்த ஆள் சாப்பாட்டுத் தூக்கைக் கூட எடுக்காமல் போனவன்தான், திரும்பவில்லை. மெஷின் மூன்று மாதம் தூசி தின்றது.

உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஓட்டுகிறேன் என்று கேட்டதற்கு முதலாளி சிரித்தார். சரி, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு பழைய கதவை மேசை மாதிரிக் கிடத்தி, நடுவில் ஓட்டை போட்டு, ரவுட்டரை அதன் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பிட்டின் நுனி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். பக்கத்தில் நேர்க்கோடாக ஒரு தடுப்புக் கட்டை. பலகையை அதில் ஒட்டி, வலமிருந்து இடமாக, பிட்டை எதிர்த்துத் தள்ளவேண்டும், அவ்வளவுதான் வித்தை. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் பத்தடிப் பலகை ஒன்றை ஓட்டி அவருடைய நாற்காலியில் சாத்திவைத்தாள். யார் ஓட்டியது என்று அவர் கேட்டார். "உங்க நாற்காலியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மேசை அவளுடையதாகிவிட்டது. இது நடந்து இருபது வருஷம் ஆகிறது.

இப்போது அம்பைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாச் சண்டையும் அதில்தான் வந்தது. பலகை முகம் கீழே, முதுகு மேலே இருக்கும். கூரையைத் தொடவேண்டிய ஓரம் தடுப்புக் கட்டையை ஒட்டி இருக்கும். முதல் ஓட்டத்தில் குமிழ் வரும். பிட்டை மாற்றி இரண்டாவது ஓட்டத்தில் குழி வரும். மூன்றாவதுக்கு மட்டும் பலகையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பவேண்டும், அப்போது மற்ற ஓரம் தடுப்புக் கட்டைக்கு வந்துவிடும், அதில் அலை வரும். இரண்டாவது ஓட்டம் முடிந்து ஒவ்வொரு பலகையும் வெளியே வரும்போதே அதன் முதுகில், தடுப்புக் கட்டையைப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் ஒரு அம்பு போடுவாள். அம்பு காட்டும் பக்கம் கூரை. கடைசியில் இரண்டு ஓரத்தையும் ஒரே மாதிரி சாய்த்து அறுப்பதால் சட்டம் எப்படித் திருப்பினாலும் மூலையில் உட்கார்ந்துவிடும், அதனால்தான் அம்பு. மாட்டுகிறவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம், அம்பைப் பார்த்து மாட்டிவிட்டுப் போகலாம்.

மாட்டுகிறவன் யாரோ இல்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவள்தான் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். மூலையில் இரண்டு சட்டம் சேரும் இடத்தில் தலைமுடி நுழையாதபடி அறுப்பான். அக்கா ஓட்டினால் தம்பி மாட்டுவான், இரண்டு பேரும் சேர்ந்து முப்பது வீடு முடித்தார்கள். முப்பத்தோராவதுதான் பல் டாக்டர் வீடு.

கீழே பெரிய ஹால், அதுதான் நோயாளிகள் உட்காரும் இடம். நாலு சுவரும் முடிந்து, பசை காய்ந்து, வெள்ளைச் சாயமும் அடித்த பிறகு முதலாளி வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே இருக்கவேண்டிய குமிழ் கீழே இருந்தது, கீழே இருக்கவேண்டிய அலை மேலே போயிருந்தது. நாலு சுவரிலும் மொத்தச் சட்டமும் தலைகீழ்! பல் டாக்டருக்கு வித்தியாசமே தெரியவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது, நாளைக்கு ஆஸ்பத்திரி திறக்கிறேன், ஒன்றையும் கழற்றாதீர்கள் என்றுவிட்டார். ஆனால் மரவேலைக்காரன் ஒருவன் பல் பிடுங்கப் போனான். கன்னம் வீங்கினபடியே வந்து தெரு முழுக்கச் சொன்னான். அது வவ்வால் வீடு ஆனது, இவள் வவ்வாலக்கா ஆனாள்.

அம்பு அப்படித்தான் காட்டியது, நான் அப்படித்தான் மாட்டினேன் என்றான் தம்பி. அம்பைப் பார்க்காமல் கைக்கு வந்தபடி மாட்டிவிட்டுப் பழியை என் தலையில் போடுகிறான் என்றாள் அக்கா. எது நிஜம் என்று சட்டத்தின் முதுகுதான் சொல்லவேண்டும், அந்த முதுகோ சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தது. வார்த்தை தடித்தது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்க முடியுமா? அவள் ஓட்டுவதை அவன்தானே மாட்டவேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவர் பட்டறைப் பாலிஷ்காரர், பாவம். இரண்டு பேரும் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, அந்த ஆளிடம் சொல்லுங்கள், அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்று அவர் காதில் ஓதுவார்கள். ஒன்பது வருஷம் அவர் வழியாகத்தான் அளவு போனது, வந்தது. ஒருதடவை அவர் ஜலதோஷத்தில் வீட்டில் படுத்துவிட, இரண்டு நாள் பட்டறையே ஊமையாகிவிட்டது. அக்காவின் மகளுக்கு மட்டும் மாமா வீட்டில் எப்போதும் இடம் உண்டு, அதை இவளும் தடுக்கவில்லை. தனக்குப் பல்வலி வந்தபோது மூன்று பஸ் மாறி எங்கேயோ ஒரு டாக்டரிடம் போனாளே தவிர, அந்த ஹாலில் காலடி வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வீட்டு மாடியில் குளியலறைக் குழாய் உடைந்தது. ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர் இறங்கி, பதினோரு அடிச் சட்டம் ஊறி உப்பிப் பிடிப்பு விட்டுவிட்டது. புதிதாக ஓட்டி மாட்டவேண்டும் என்று பட்டறைக்குச் சேதி வந்தது. முதலாளி சொல்லி முடிப்பதற்குள் தம்பி பாலிஷ்காரர் பக்கம் திரும்பினான். சட்டம் கீழே வரப்போகிறது, இனிமேல் அம்பே பேசட்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றான்.

அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். மெஷினை அணைத்தாள். பட்டறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாலிஷ்காரரே, அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க. என் அம்பு தப்பா இருந்தா, அன்னையிலேருந்து இந்த மேசையை நான் தொடமாட்டேன். சரியா இருந்தா, அவன் மரக்கடை வாசல்ல நின்னு, நான்தான் பார்க்காம மாட்டினேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சரின்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், பதறாத மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் அவரே சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்துவிட்டார். எதை வைத்துப் பந்தயம் கட்டுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா என்றார். அந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மறுபடியும் உப்புத்தாள்தான். மூன்றாவது ஓட்டத்தில் பலகை முழுக்க ஒரே சீராக அலை எழும்போது அவள் முகத்தில் வரும் நிம்மதியை அவர் பார்த்திருக்கிறார். என் அம்பு எனக்குத் தெரியாதா, நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள் அவள். படுத்ததும் தூங்கியும் போனாள்.

மறுநாள் மதியம் தம்பியும் பாலிஷ்காரரும் போய்க் கழற்றுவது என்றும், அளவு பார்க்க அவள் அப்போது வந்தால் போதும் என்றும் பேச்சு. அதுவரை பொறுக்கிற ஆளா அவள்? காலையிலேயே தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, உளியும் சுத்தியலுமாகப் போய் நின்றுவிட்டாள். உள்ளறையில் டாக்டர் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார், சின்ன ரவுட்டர் சத்தம் மாதிரியே கேட்டது. ஹாலில் இருந்த நாலைந்து பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவளைப் பார்த்தார்கள். ஏணியைச் சாத்தி ஏறினாள். ஊறின மரம், உளியை வைத்ததும் இரண்டடித் துண்டு ஒன்று அப்படியே கையோடு வந்தது. திருப்பினாள்.

அம்பு இருந்தது. அவள் சொன்னது நிஜமென்றால் அது குமிழ் ஓரத்தைக் காட்டவேண்டும், காட்டவில்லை. அலை இருக்கும் ஓரத்தைப் பார்த்து, இதுதான் கூரை என்று ஜம்மென்று காட்டிக்கொண்டு இருந்தது. தம்பி சொன்னது சொன்னபடி.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இது என் அம்பே இல்லை, என்னுடையது சிவப்பு, இது நீலம் என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். நீலம் என்று சொன்ன அந்த நொடியே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டாவது ஓட்டத்தின்போது சிவப்புப் பென்சில் உருண்டு மரத்தூளுக்குள் விழுந்தது. அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினாள். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மகளின் கலர் டப்பாவிலிருந்து ஒரு நீலக் குச்சியை எடுத்து வந்தாள். மூன்றாவது ஓட்டம் முடிந்து வந்த பலகைகளுக்கு அம்பு போட்டாள், வழக்கம்போல, தடுப்புக் கட்டையைப் பார்த்து. பலகையைத் திருப்பியாகிவிட்டது, தடுப்புக் கட்டையில் இருப்பது மற்ற ஓரம் என்று கைக்குத் தெரியவில்லை. மனசுக்கும் தெரியவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் போட்டாள். நீலக் குச்சி தொலைந்ததற்கு அன்று சாயங்காலம் மகள் அழுதது கூட ஞாபகம் வந்தது.

ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேசை போயிற்று என்று நினைத்தாள். பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். கை தானாகவே அதை எடுத்தது. ஊறின மரம், ஒன்பது வருஷத்துக் கலர், இரண்டு தேய் தேய்த்தால் இருந்த இடம் தெரியாது. மிச்சத் துண்டுகளுக்கும் அதேதான். மதியம் வரைக்கும் நேரம் இருந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு தேய் தேய்த்தாள். அம்பின் ஒரு சிறகு போனது.

அப்புறம் தன் கையைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சீ, இதற்கா இத்தனை வருஷம் கற்றோம் என்று உப்புத்தாளைக் கீழே எறிந்தாள். அது வீங்கின கன்னத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் போய் விழுந்தது. மன்னிப்பு கேட்டாள், ஏணியிலிருந்து இறங்கினாள், துண்டுச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டரின் உதவியாளர் வந்து எந்தப் பல் என்று கேட்டார். இது பல் இல்லை என்றாள்.

மதியம் தம்பியும் பாலிஷ்காரரும் வந்தார்கள். பாலிஷ்காரர் வழக்கம்போல நடுவில் வந்து நின்றார். அக்கா அவரை ஒரு கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டாள்.

"டேய்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது. துண்டை அவன் கையில் கொடுத்தாள். "நான்தான்."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். அம்பில் ஒரு பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"தேய்ச்சேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

சொன்ன கையோடு அவளே பாய்ந்தாள். தப்பு என்னுடையதுதான், ஆனால் உனக்குக் கண் இல்லையா, முப்பது வீட்டுக்கு மாட்டினவனுக்கு அலை மேலே போகிறது என்று தெரியாதா என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது" என்றான் அவன். "முதல் சட்டத்தை வெச்சப்பவே கண்ணுல உறுத்திச்சு. ஆனா அக்கா போட்ட அம்பு. புதுசா ஏதோ யோசிச்சுத்தான் போட்டிருப்பேன்னு நினைச்சேன். என் கண்ணைவிட உன் அம்பைத்தான் நம்பினேன். நீ என்னைப் பார்த்து, அம்பையே பார்க்காம மாட்டினவன்னு சொல்லிட்டே."

தப்பாக அம்பு போட்டது கூட அக்காவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாச் சொல்லிட்டேன்டா என்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். பாலிஷ்காரர்தான், இத்தனை வருஷமாகச் சேதி சொல்லிச் சொல்லிப் பழகின வாய் சும்மா இருக்காமல், அப்போ அந்த மேசை என்று மெல்ல இழுத்தார்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணைத் தலைத்துண்டால் துடைத்தாள்.

"தொடமாட்டேன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். இப்போ எல்லார் முன்னாடியும் சொல்றேன், தொடுவேன். வாய்க்கொழுப்புல சபதம் போட்டது வாய். இருபது வருஷம் ஓட்டினது கை. வாய் பண்ணின தப்புக்குக் கை ஏன் தண்டனை அனுபவிக்கணும்? நாளைக்குப் பதினோரு அடி ஓட்டணும். வேற யாராவது ஓட்டறதா இருந்தா வரச்சொல்லுங்க, கடிகாரத்தைக் கழட்டி வெச்சுட்டு நான் பார்க்கிறேன்."

தம்பி சிரித்துவிட்டான். சபதத்தை மீற இவ்வளவு அதிகாரமா என்றான். ஆமாம், அதிகாரம்தான் என்றாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், ஒன்பது வருஷமாகச் சிரித்தவர்கள்தானே, புதிதாக என்ன குறைந்துவிடப் போகிறது. வேலையை விட்டால்தான் அவளுக்கு மானம் போகும். தப்புப் பண்ணினேன் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து செய்வதில் என்ன மானக்கேடு என்று அவளுக்குப் புரியவில்லை.

டாக்டர் கையுறையோடு வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். அப்படியானால் நாலு சுவரிலும் சட்டத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடலாமே என்றார். அக்கா மறுத்துவிட்டாள். நல்ல சட்டம், கெட்டியாக நிற்கிறது, அதை ஏன் உடைக்கவேண்டும்? புதுசும் பழசு மாதிரியே தலைகீழாகத்தான் வரும், இந்தத் தடவை தெரிந்தே செய்கிறேன் என்றாள்.

மறுநாள் பலகை வாங்க அவளே மரக்கடைக்குப் போனாள். சேதி முந்திக்கொண்டு போயிருந்தது. வவ்வாலக்கா, இனிமேல் மெஷினைத் தொடமாட்டீர்கள் என்றார்களே என்று கடைக்காரர் கிண்டலாக இழுத்தார். ஆமாம் சொன்னேன், மாற்றிக்கொண்டேன், அம்பு தப்பாகப் போட்டதும் நான்தான், வேறு ஏதாவது தெரியவேண்டுமா என்று அவள் கேட்டாள். "என் மெஷினே தலைகீழாத்தான் தொங்குது, அது எந்த விதத்துல குறைஞ்சு போச்சு? பலகையை எடுங்க. கணு இல்லாததா பார்த்து எடுங்க" என்றாள்.

பட்டறையில் குமிழ் ஓடியது, குழி ஓடியது. பலகை நீளம், வெளியே வரும் பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடிக்கவேண்டும். தம்பி வந்து நின்றுகொண்டான். இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் அவள் மெஷினை அணைத்து, சிவப்புப் பென்சிலை எடுத்து, தடுப்புக் கட்டைக்கு முதுகைக் காட்டும்படி ஒரு அம்பு போட்டாள். அதைச் சரிபார்த்தாள். இன்னொரு தடவை சரிபார்த்தாள். பிறகு பலகையைத் திருப்பி அலையை ஓட்டினாள். பாலிஷ்காரர் வழக்கம்போல அளவு சொல்ல வந்தார். இரண்டு பேரும் நேரடியாகவே சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

பல் டாக்டர் வீட்டு ஹாலில் தம்பி மூலைகளை அறுத்து, பசை தடவி, சட்டத்தோடு ஏணியில் ஏறினான். கீழே அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே போனவன் மாட்டுவதற்கு முன்னால் சட்டத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தான்.

"அக்கா, இந்த அம்பை நம்பலாமா?"

"நம்பாதே" என்றாள். "பக்கத்துச் சுவரை உன் கண்ணால பாரு. அப்புறம் மாட்டு."

அவன் பார்த்தான். அப்புறம் மாட்டினான்.